கிட்னி பிரச்சனைன்னா அவரைக்கொட்டையும் ராகியும் நிறுத்தியே ஆகணுமா?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு வயசு 63, ரொம்ப வருஷமா சுகர் இருக்கு, கிரியேட்டினின் (கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு) 3.2, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கல, இந்த தடவை ரத்தத்துல பாஸ்பரஸ் 5.9னு வந்துருச்சு, கோயமுத்தூர் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்து சாப்பாட்டுல பாஸ்பரஸ குறைங்கன்னு சொல்லி அனுப்பிட்டாராம். "நாங்க கிழங்குக்கும் கேரட்டுக்கும் சூப்பர் பாஸ்பேட் போடறோம், அதான் உடம்புல ஏறிடுச்சா? அவரை, ராகி ரெண்டையும் நிறுத்திட்டோம், மனுசன் எதுவும் சாப்பிடாம எடை குறைஞ்சுக்கிட்டே போறார். மாத்திரைய காலைல வெறும் வயித்துல குடுக்கறோம், சரிதானே?"

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அத இன்னைக்கே மாத்தணும். வெறும் வயித்துல குடுக்காதீங்க. பாஸ்பரஸ குறைக்க குடுக்கற கால்சியம் அசிடேட், செவலமர் மாதிரி மாத்திரைங்க ரத்தத்துல போய் வேலை செய்யறது இல்ல, வயித்துலயும் குடல்லயும் சாப்பாட்டோட கலந்து அதுல இருக்கற பாஸ்பரஸ பிடிச்சுக்கிட்டு மலத்தோட வெளிய போயிடும், அவ்வளவுதான் அதோட வேலை. சாப்பாடே இல்லாத நேரத்துல போட்டா பிடிக்க ஒண்ணும் இருக்காது, காசு தான் வீண். சாப்பிட உக்காரும்போது தட்டுக்கு பக்கத்துலயே மாத்திரையும் இருக்கட்டும், நாலு வாய் உள்ள போனதும் போட்டுக்க சொல்லுங்க. எந்த வேளை சாப்பாடு பெருசோ அந்த வேளைக்கு மாத்திரை கட்டாயம் விழணும், எந்த வேளைக்கு எத்தனைன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. தைராய்டு மாத்திரை சாப்பிடறவரா இருந்தா ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரம் இடைவெளி விடணும், இல்லேன்னா இது அதையும் சேர்த்து பிடிச்சுக்கும்.

இப்ப உரத்துக்கு வருவோம். அந்த கவலைய விட்டுடுங்க. நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணு, நீங்க கொட்டற சூப்பர் பாஸ்பேட்ல பெரும்பகுதி மண்ணுல இருக்கற இரும்பு, அலுமினியத்தோட ஒட்டிக்கிட்டு செடிக்கே கிடைக்காம கிடக்கும். செடி எடுத்துக்கிட்டதும் கிழங்குல மலை மாதிரி சேர்றது இல்ல, 100 கிராம் உருளைக்கிழங்குல பாஸ்பரஸ் 50, 60 மில்லிகிராம் தான், கேரட்ல அதுக்கும் கம்மி. கிழங்கு விஷயத்துல நீங்க பாக்க வேண்டியது பொட்டாசியம். ரிப்போர்ட்ல அது கூட இருந்தா கிழங்க தோல் சீவி சின்னதா நறுக்கி நிறைய தண்ணில வேக வெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு சமைங்க, பொரியலோ குழம்போ எதுவா இருந்தாலும்.

பாஸ்பரஸ் ஒண்ணும் விஷம் இல்ல. உடம்புல இருக்கறதுல 85 சதவீதம் எலும்பு, பல்லுல தான் இருக்கு, பெரியவங்களுக்கு தினமும் 700 மில்லிகிராம் தேவைன்னு கணக்கு. கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அதிகமா போனதெல்லாம் மூத்திரத்துல வெளிய போயிடும். கிட்னி பலம் குறைய குறைய எலும்புல இருந்தும் கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பில இருந்தும் ஹார்மோன் கூடுதலா சுரந்து, இருக்கற கொஞ்ச கிட்னிய விரட்டி விரட்டி வேலை வாங்கும், அதனால ரொம்ப நாள் ரிப்போர்ட்ல நம்பர் நார்மலாவே தெரியும், அதாவது 2.5ல இருந்து 4.5க்குள்ள. அப்பாவுக்கு 5.9 வந்திருக்குன்னா அந்த சமாளிப்பும் இப்ப போதலன்னு அர்த்தம். இத அப்படியே விட்டா எலும்பு பலம் இழக்கும், ரத்தக்குழாய் சுவத்துல சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு இறுகிப் போகும், இதயத்துக்கு ஆபத்து அங்க தான் வருது. உடம்பு பூரா அரிப்பும் வரும், நம்ம ஊர் குளிருக்கு தோல் வறண்டு அரிக்குதுன்னு எண்ணெய் தடவிட்டு விட்டுடறாங்க பல பேர்.

சரி, அவரை. இங்க தான் எனக்கு கொஞ்சம் கோவம் வருது, உங்க மேல இல்ல, சத்து அட்டவணைய மட்டும் பாத்து எல்லாத்தையும் நிறுத்த சொல்றவங்க மேல. காஞ்ச அவரைல 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் பக்கம் பாஸ்பரஸ் இருக்குன்னு போட்டிருக்கும், ராகில 200க்கு மேல. நம்பர் சரி தான். ஆனா பயறு, தானியத்துல இருக்கற பாஸ்பரஸ்ல பெரும்பங்கு ஃபைட்டேட்னு ஒரு பூட்டுக்குள்ள இருக்கு, அத திறக்கற சாவி, அதாவது அதுக்கான என்சைம், நம்ம குடல்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதனால பாதிக்கும் கம்மியா தான் உடம்புல சேரும். பால், முட்டை, கறில இருந்து பாதிக்கு கொஞ்சம் முன்ன பின்ன சேரும். ஃபேக்டரில சேர்க்கற பாஸ்பேட் உப்பு இருக்கு பாருங்க, அது எதோடயும் ஒட்டாம தனியா கிடக்கறதால 90 சதவீதத்துக்கு மேலயும் உள்ள போயிடும். அதனால வாரத்துல ரெண்டு நாள் அப்பாவுக்கு அவரை உதக்கா, அதாவது நம்ம மலைப்பக்க அவரைக் குழம்பு, செஞ்சு குடுங்க, தாராளமா. ராத்திரியே ஊற வெச்சு அந்த தண்ணிய கொட்டிடுங்க, ஒரு கொதி விட்டு அந்த தண்ணியையும் கொட்டிட்டு புது தண்ணில வேக வைங்க, அளவு ஒரு சின்ன கிண்ணம். முளை கட்டி குடுக்காதீங்க, முளை கட்டினா ஃபைட்டேட் உடைஞ்சு பாஸ்பரஸ் கூடுதலா சேரும், மத்தவங்களுக்கு நல்லது, இவருக்கு வேண்டாம். ராகிக் களியும் தினமும் இல்லாம எப்பவாவது ஒரு வேளை சாப்பிடலாம், சுகர் இருக்கறதால உருண்டை சின்னதா இருக்கட்டும். முட்டைல வெள்ளைக்கரு குடுங்க, பாஸ்பரஸ் கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சக்கருல தான் இருக்கு. புரோட்டீன் அளவு அவர் எடைக்கு எவ்வளவுன்னு டாக்டரோ டயட்டீஷியனோ சொல்லணும், பயந்துக்கிட்டு நீங்களா பட்டினி போட்டா சதை கரையும், இப்ப எடை குறையறது அதனாலயா இருக்கலாம்.

கத்திரி போட வேண்டிய இடம் பாக்கெட்டு. கோயமுத்தூர் செக்கப்புக்கு கீழ இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுல வாந்தி வரும்னு கறுப்பு கோலா வாங்கிக் குடுக்கறது நம்ம ஊர்ல ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு, அதுல புளிப்புக்கு இருக்கறது பாஸ்பாரிக் அமிலம், சுகர் வேற. அதுக்கு பதிலா எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டோ இஞ்சித் துண்டு கடிச்சுக்கிட்டோ போகட்டும். அப்புறம் சீஸ் ஸ்லைஸ், சாசேஜ், ஃப்ரோசன் நக்கெட்ஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பேக்கிங் பவுடர் போட்ட கேக், பால்ல கலக்கற சத்து மாவு டப்பா. பாக்கெட்டுல பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம்னு பொதுவா எழுதவே மாட்டாங்க, அதனால பின்னாடி பொடி எழுத்துல பாஸ்பேட்னு எங்கயாவது வருதா பாருங்க, இல்லேன்னா 338, 339, 340, 341, 450, 451, 452 இந்த நம்பர் இருக்கா பாருங்க. இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க. கருவாடும் வேண்டாம், முள்ளோட சாப்பிடற நெத்திலிக்கு பாஸ்பரஸும் அதிகம் உப்பும் அதிகம்.

டீய நிறுத்துங்கன்னு நீலகிரில உக்காந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்ல எனக்கு தைரியம் இல்ல, சொல்லவும் தேவையில்ல. டிகாஷன்ல பாஸ்பரஸ் ரொம்ப கம்மி, பால்ல தான் 100 மில்லிக்கு 90, 100 மில்லிகிராம் வரும். தினமும் அஞ்சு டீ, ஒவ்வொண்ணுலயும் 50 மில்லி பால்னாலே கால் லிட்டர் ஆகுது. ரெண்ட பால் டீயா வெச்சுக்கிட்டு மிச்சத்த பால் இல்லாத கட்டஞ்சாயாவா மாத்திக்கலாம், மொத்த தண்ணி அளவு டாக்டர் சொன்னதுக்குள்ள இருந்தா போதும்.

மலச்சிக்கல் வந்தா கடைல கேட்டு பாஸ்பேட் எனிமா வாங்கி போட்டுடாதீங்க, கிட்னி பலவீனமா இருக்கறவங்களுக்கு அது ஆபத்து, டாக்டர்கிட்ட வேற மருந்து கேளுங்க.

அடுத்த டெஸ்ட்டுக்கு ரத்தம் இங்கயே எடுத்து கீழ லேபுக்கு அனுப்பறாங்களான்னு கேட்டுக்கோங்க. எடுத்த ரத்தத்துல இருந்து சீரம், அதாவது மேல நிக்கற தெளிஞ்ச நீர, பிரிக்காம பல மணி நேரம் வெச்சிருந்தா அணுக்கள்ல இருந்து கசிஞ்சு பாஸ்பரஸ், பொட்டாசியம் ரெண்டுமே கூட்டிக் காட்டும். அதுக்காக 5.9 தப்பா இருக்கும்னு நினைச்சு மாத்திரைய நிறுத்திடாதீங்க, அங்கயே பிரிக்கற லேபா பாத்து குடுங்க, மாத்திரைய சாப்பாட்டோட மாத்தின தேதிய சீட்டுல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க, இல்லேன்னா மாத்திரை வேலை செய்யலன்னு நினைச்சு டோஸ ஏத்திடுவார்.