'8 ஜிபி கிராபிக்ஸ்' என்றவுடன் முற்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்கள் எடிட் பண்ணுகிறேன். எல்லாம் 1080பி. பழைய லாப்டொப் இழுக்குதில்லை. 16 ஜிபி ராம், '8 ஜிபி கிராபிக்ஸ்' உள்ள பாவித்த லாப்டொப் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். முற்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. அந்த 8 ஜிபி பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் இருப்பதல்ல. 16 ஜிபி ராமில் பாதியை, கிராபிக்ஸுக்குப் பகிரக்கூடிய நினைவகமாக, விண்டோஸ் 'ஷெயார்ட்' என்று காட்டும். அதையே கார்டின் அளவாகச் சொல்லி விற்றுவிடுகிறார்கள். லாப்டொப் கைக்கு வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், என்று இருக்கும். இரண்டு இருந்தால் இரண்டையும் திறந்து பாருங்கள். 'டெடிகேட்டட்' என்ற வரியில் உள்ளதுதான் கார்டின் சொந்த நினைவகம். எங்கும் 128 எம்பிதான் என்றால் தனிக் கார்டே இல்லை.

உங்கள் வேலைக்கு என்விடியா கம்பனியின் 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கார்ட் போதும். 4கே செய்யும் எண்ணம் இருந்தால் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4050. அதே கம்பனியின் எம்எக்ஸ்250, எம்எக்ஸ்330 வேண்டாம். முடித்த வீடியோவை விரைவாக எழுதித் தரும் என்கோடர் அவற்றில் இல்லை.

தனிக் கார்ட் இல்லாத லாப்டொப் எல்லாம் கூடாது என்றும் இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, சிப்புக்குள்ளேயே ஐரிஸ் எக்ஸ்இ என்ற கிராபிக்ஸ் உள்ளது என்றால் 1080பி வேலை ஓடும். ஆனால் ராம் இரண்டு துண்டாக இருக்க வேண்டும். ஒற்றைத் துண்டு போட்டால் அதே சிப் வெறும் 'யுஎச்டி' என்று பெயர் காட்டும், வேகமும் விழும். இன்னொன்று: புதிய சோனி கமராக்களில் எச்.265, 10 பிட், 4:2:2 என்ற, நிற விவரம் கூடிய வகையில் எடுத்தால், அதைத் திக்காமல் ஓட்ட இந்த இன்டெல் சிப்பால் முடியும், ஆர்டிஎக்ஸ் 4050ஆல் முடியாது. என்விடியாவில் அந்த வசதி 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. அப்படிப்பட்ட கமரா வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்டெல் சிப்பும் ஆர்டிஎக்ஸும் சேர்ந்த லாப்டொப்பைத் தேடுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது கம்பனிகள் மீது. லாப்டொப்பில் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். வேகம் மலைக்கும் மடுவுக்கும். அதைப் பெட்டியில் பெரிதாகப் போட ஏன் இவ்வளவு தயக்கம்? வொரண்டி என்றால் அதுவும் பெரும்பாலும் கொழும்பில்தான். பழுதானால் ஏ9 வீதியால் பார்சல் போட்டுவிட்டு, கலியாணக்காரருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு இருக்க வேண்டியது நீங்கள்.

பாவித்ததே வாங்குவதென்றால் சார்ஜரையும் பாருங்கள். 150, 180 வாட் சார்ஜரை எடுத்துவிட்டு 65 வாட்டைச் சொருகிக் கொடுப்பார்கள். கார்ட் அரைவேகத்தில் கிடக்கும். நீங்கள் எடுத்த வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், கரண்டில் சொருகி, உங்கள் மென்பொருளிலேயே பத்து நிமிடத் துண்டை எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்கள். அதற்கு இடம் தராத ஆளிடம் வாங்கவே வேண்டாம்.