ஆணி நிறைந்த நிலத்துக்குப் புது மெட்டல் டிடெக்டர் வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், உரிமையாளரின் அனுமதியோடு, பழைய பண்ணைவீடு இருந்து இடிந்த உழவு நிலத்தில் தேடுகிறேன். கருவி மினிலேப் ஈக்வினாக்ஸ் 800, அதனுடன் வந்த 11 அங்குலக் காயில் (தரைமேல் வீசித் தேடும் வட்டத் தலை). எங்கும் துருப்பிடித்த ஆணி. இரும்பை ஒதுக்கி வைத்தால் சத்தமே வருவதில்லை. ஒதுக்காவிட்டால் ஓயாமல் கத்துகிறது. இன்னும் விலை கூடிய கருவி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதே கருவிக்கான 6 அங்குலக் காயிலை வாங்குங்கள். பெரிய காயிலின் அடியில் ஒரே நேரத்தில் நான்கைந்து ஆணிகள் வந்துவிடும். நடுவில் கிடக்கும் வெள்ளிக்காசின் சிக்னல் அவற்றில் அமுங்கிப்போகும். சின்னக் காயிலில் ஆழம் குறையும். ஆனால் இத்தகைய இடத்தில் ஆழத்தைவிட, பக்கத்துப் பக்கத்துப் பொருள்களைப் பிரித்துக் காட்டுவதே முக்கியம்.

இரும்பை முழுக்க ஊமையாக்காதீர்கள். ஊமையாக்கினால் எங்கே ஆணி மண்டிக்கிடக்கிறது, எங்கே உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று தெரியாது. இரண்டு டோன் வையுங்கள்: இரும்புக்குத் தாழ்ந்த ஒலி, அதன் வால்யூமும் குறைவு, மற்றதெல்லாம் உயர்ந்த ஒலி. ரெக்கவரி ஸ்பீடு 6 அல்லது 7. ஓர் ஆணியைக் கடந்ததும் கருவி அடுத்த பொருளுக்குச் சீக்கிரம் தயாராக வேண்டும் என்பதற்காக இது. சென்சிடிவிட்டி (உணர்திறன்) 17, 18 போதும். சந்தேகமான சிக்னலை எவ்வளவு தூரம் இரும்பாகக் கொள்வது என்பதற்கான ‘அயர்ன் பயாஸ் எஃப்2’ அமைப்பை 0 முதல் 2 வரை வையுங்கள். அதைக் கூட்டினால் பொய் ஒலி குறையும், ஆனால் ஆணியை ஒட்டிக் கிடக்கும் காசையும் இரும்பென்றே தள்ளிவிடும். காயிலை மெதுவாக வீசுங்கள்; ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மறுபடி தொடட்டும்.

வளைந்த ஆணியும் துருவேறிய வாஷரும் காசு போலவே உயர்ந்த ஒலி தரும். 90 பாகை சுற்றி நின்று மறுபடி வீசுங்கள். ஒலி உடைந்தாலோ, பின்பாயின்ட் (பொருள் இருக்கும் துல்லியமான இடத்தைக் காட்டும் வசதி) காட்டும் இடம் நகர்ந்தாலோ பெரும்பாலும் ஆணிதான். ஆனால் ஆணியருகே உள்ள காசும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்கலாம். அந்தத் திசையில் ஒவ்வொரு முறையும் குறுகிய, சுத்தமான ஒலி வந்தால் தோண்டிவிடுங்கள். எடுத்த ஆணியைக் குழியிலேயே போடாமல் பையில் போட்டுக்கொண்டு, குழியை இன்னொரு முறை சோதியுங்கள். அதுவரை ஆணி மறைத்திருந்தது அப்போதுதான் ஒலிக்கும்.

கேள்வி: காயிலை ஆன்லைனில் வாங்கிப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா?

பதில்: தரலாம். பிரிட்டனில், கடைக்காரரிடம் ஆன்லைனில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள், காரணம் சொல்லாமலே ரத்து செய்வதாகத் தெரிவிக்கலாம். ஆனால் கடையில் பார்ப்பதற்கு மேல் பயன்படுத்தி அதன் மதிப்பைக் குறைத்திருந்தால் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். எனவே சேற்று நிலத்துக்குக் கொண்டுபோகுமுன் வீட்டுப் புல்தரையிலேயே சோதியுங்கள்: பலகையின் நடுவில் ஒரு காசு, இரு பக்கமும் 5 செ.மீ. தள்ளி ஆணிகள். நீளவாக்கிலும் குறுக்கிலும் வீசி, 11 அங்குலக் காயிலோடு ஒப்பிடுங்கள். காயிலிலேயே குறை இருந்தால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். மினிலேப் பெயரில் போலிகள் விற்கப்படுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம், ரசீதோடு வாங்குங்கள்.