ஸ்டேஜ் 2 க்ளட்ச்னா என்னன்னு கேட்டுப் பாருங்க

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் 1.8 கார், தினமும் வேலைக்கும் அதுலதான் போறேன். லைட் ஃப்ளைவீல் போட்டா எத்தனை கிலோவாட் கூடும்?

பதில்: ஒரு கிலோவாட் கூட கூடாது. எஞ்சின் அதே எஞ்சின்தான், ஃப்ளைவீல்ங்கறது அது பின்னாடி சுத்துற கனமான இரும்புச் சக்கரம், அதைச் சுத்தி வேகமேத்த செலவாகுறது மட்டும் குறையும், அதனால 1, 2 கியர்ல சட்டுனு ஏறும், அஞ்சாவது கியர்ல என்3 ஹைவேல போறப்போ ஒண்ணும் தெரியாது. பதிலுக்கு ஐடில் தடுமாறும், ஃபீல்ட்ஸ் ஹில் ஏத்தத்துல டிராஃபிக்ல நின்னு நின்னு கிளம்புறப்போ ஆஃப் ஆகி மானம் போகும். தினம் ஓட்டுற காருக்கு கொஞ்சமா எடை குறைஞ்சதே போதும்.

இன்னொண்ணு, உங்க காருல இருக்குறது 020 கியர்பாக்ஸ்னா எல்லாம் தலைகீழ். க்ளட்ச் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரெஷர் பிளேட்தான் எஞ்சின் கிராங்க்ல போல்ட் ஆகும், ஃப்ளைவீல் அதுமேல வரும். கடையில 'கோல்ஃபுக்கு'ன்னு மட்டும் சொன்னா வேற கியர்பாக்ஸுக்கு உள்ளதை எடுத்துக் குடுத்துருவாங்க. கியர்பாக்ஸ் எது, க்ளட்ச் டிஸ்க் 190ஆ 200ஆ 210 மில்லிமீட்டரான்னு எழுதிட்டுப் போங்க.

கேள்வி (லெனேசியா): ஸ்டேஜ் 2 க்ளட்ச் வாங்கவா, ஸ்டேஜ் 3யா?

பதில்: இந்த ஸ்டேஜ் வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்கு பத்திக்கிட்டு வருது. அதுக்குன்னு எந்த ஸ்டாண்டர்டும் கிடையாது, ஒரு கம்பெனியோட ஸ்டேஜ் 1 இன்னொருத்தரோட ஸ்டேஜ் 2ஆ இருக்கும், நம்பர் ஏற ஏற விலை ஏறும், அவ்ளோதான் நிச்சயம். நீங்க கேட்க வேண்டியது மூணே மூணு. எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் தாங்கும், டிஸ்க்ல ஆர்கானிக்கா கெவ்லாரா செராமிக்கா, நடுவுல ஸ்பிரிங் இருக்கா இல்லையா. உங்க எஞ்சின் டார்க்கை விட கொஞ்சம் அதிகமா தாங்கினா சரி. அதுக்கு மேல குடுக்குற ஒவ்வொரு ராண்டும் உங்க இடது காலுக்கு நீங்களே குடுக்குற தண்டனை, க்ளட்ச் கேபிளும் சீக்கிரம் அறுந்து வரும். கவுண்டர்ல இருக்குறவர் இந்த மூணுக்கும் பதில் சொல்லாம 'ரேஸ்ல போடுறது சார்'னு இழுத்தா வெளிய வந்துடுங்க. நானும் அந்த வார்த்தையில மயங்கி ஒரு செராமிக் பக் டிஸ்க் (முழு வளையமா இல்லாம துண்டு துண்டா ஒட்டினது) வாங்கினவன்தான், ரோபோட்ல, அதான் டிராஃபிக் லைட்ல, பச்சை விழுந்து கிளம்புறப்போ கார் தவளை மாதிரி குதிக்கும், வீட்டுக்காரம்மா அதுல ஏறவே மாட்டேன்னுட்டாங்க. ஆர்கானிக் போதும், ஸ்பிரிங் உள்ளதா பார்த்து வாங்குங்க.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அப்பா காருக்கு புது க்ளட்ச் போட்டதா சொல்லி முழுக்காசும் வாங்கினாங்க. ஆறு வாரத்துல ஸ்லிப் ஆகுது. 'நீங்க ஓட்டுற விதம்'ங்கறாங்க.

பதில்: அம்மா, மனசு விட்டுடாதீங்க, சட்டம் உங்க பக்கம். நம்ம தென்னாப்பிரிக்காவோட 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 57 படி மாத்தின பாகத்துக்கும் கூலிக்கும் மூணு மாசம் வாரண்டி உண்டு. பிரிவு 67 படி நீங்க வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் கழட்டின பழைய பாகத்தை உங்க கையில குடுக்கணும். குடுத்தாங்களா? இல்லைன்னா எழுத்துல கேளுங்க. கியர்பாக்ஸை இறக்குறப்போ நீங்களும் கூட நில்லுங்க. டிஸ்க் எண்ணெய்ல நனைஞ்சிருந்தா கிராங்க் பின்பக்க சீலையோ கியர்பாக்ஸ் சீலையோ மாத்தாம விட்டுட்டாங்கன்னு சந்தேகப்படலாம், அப்பா ஓட்டினதால எண்ணெய் கசியாது. ஃப்ளைவீல் முகம் நீலம் பாய்ஞ்சிருந்தா அது சூடு, அப்பதான் அவங்க பேச்சை எடுத்துக்கலாம். அதோட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. மசியலைன்னா வண்டிப் புகார்களை விசாரிக்கிற மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்பட்ஸ்மேனுக்கு எழுதுங்க.

கேள்வி (டோங்காட்): பார்க்கிங்ல ஒருத்தர்கிட்ட கேஷ் குடுத்து லேத்ல கடைஞ்ச ஒரிஜினல் ஃப்ளைவீல் வாங்கினேன், சிலிப் (ரசீது) இல்ல, ஆளோட போன் எடுக்கல. போடலாமா?

பதில்: போடாதீங்க. அது வார்ப்பிரும்பு, எங்கே எவ்வளவு கடைஞ்சாங்கன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, 7,000 ஆர்பிஎம்ல வெடிச்சா க்ளட்சை மூடியிருக்குற பெல்ஹவுசிங்கைக் கிழிச்சுட்டு உங்க கால்மேலதான் வரும். வாங்கறதா இருந்தா ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம், எஸ்எஃப்ஐ 1.1 முத்திரை உள்ளதா வாங்கியிருக்கணும். தனியாள் ஃபூட்ஸ்டூட்ஸ்னு, அதாவது இருக்குற நிலையிலேயே எடுத்துக்கோன்னு, வித்ததுக்கு அந்த நுகர்வோர் சட்டம் வராது, குறையை மறைச்சு வித்தார்னு காட்டினா வழி உண்டு, ஆனா பேரும் தெரியாத ஆளை எங்க போய் தேடுறது? சிலிப் கேட்க வாய் வரலையா தம்பி?

கேள்வி (மெரேபேங்க்): புது க்ளட்ச் போட்ட அன்னைக்கே ரேஸ் டிராக்ல ஓட்டலாமா?

பதில்: 500லேர்ந்து 800 கிலோமீட்டர் டவுன்ல ஓட்டி பழக்கிட்டுப் போங்க. அன்னைக்கே போய் கருக்கிட்டு கடைக்காரன் ஏமாத்திட்டான்னு எனக்கு எழுதினா பதில் வராது.