ஹால்மார்க் இல்லாத வெள்ளி ஸ்பூனை உருக்கிவிடலாமா?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா மெட்ராஸில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவர். அந்த வழியில் ஆறு ஸ்பூன்களும் இரண்டு முள்கரண்டிகளும் வந்திருக்கின்றன. ஸ்பூன்களின் காம்புக்குப் பின்னால் ஆங்கிலத்தில் 'ஓ.ஆர்.ஆர்.' என்ற மூன்று எழுத்து. ஒரு முள்கரண்டியில் சிங்கம் மாதிரி ஏதோ தெரிகிறது. நகைக்கடையில் "ஹால்மார்க் இல்லை, உருக்கத்தான் லாயக்கு" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில், உருக்கக் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் தேடும் ஹால்மார்க் நம் நாட்டில் வெள்ளிக்கு வந்ததே 2005-இல்தான். வெள்ளைக்காரர் காலத்திலும் இங்கே வெள்ளியைச் சோதித்து முத்திரை போடும் அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. கல்கத்தா, மெட்ராஸ் கடைகள் தங்கள் பெயரைத் தாங்களே குத்திக்கொண்டன. வாங்குகிறவருக்குப் பழகிய தோற்றம் வேண்டுமே என்று பக்கத்தில் ஒரு யானை, ஒரு எழுத்து என்று லண்டன் பாணியில் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. கல்கத்தா ஹாமில்டன் கம்பெனி யானை போட்டது. அதற்காக யானையைக் கண்டதும் ஹாமில்டன் என்று முடிவு கட்டவும் கூடாது. ஆளைக் காட்டிக்கொடுப்பது பெயரும் முதலெழுத்துகளும்தான்.

உங்கள் மூன்று எழுத்து அனேகமாக 'ஓர்' என்ற பெயர். அதாவது பி. ஓர் அண்ட் சன்ஸ்; சென்னைக்காரர்கள் பேச்சுவாக்கில் பி.ஆர். அண்ட் சன்ஸ் என்று சொல்லும், மவுண்ட் ரோடு மணிக்கூண்டுக் கட்டடத்துக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய கடிகார, வெள்ளிக் கடை அது. சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் 'சுவாமி' வேலைப்பாட்டுக்குப் பேர் போனது.

சரி, உறுதி செய்வது எப்படி? வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். டார்ச் வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழட்டும். தேய்ந்த எழுத்தின் ஓரம் அப்போதுதான் நிழல் கட்டும். அப்படியும் தெரியாவிட்டால், மெழுகுவர்த்திப் புகையில் அந்த இடத்தை லேசாகக் காட்டி, ஆறியதும் செலோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். கரியில் முத்திரை பளிச்சென்று பதிந்து வரும்.

திருநீறு, பல்பொடி போட்டுத் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் பாதி முத்திரைகளை அழித்தது திருடன் இல்லை, வெள்ளிக்கிழமைப் பாத்திரம் துலக்கல்தான்!

இனி அந்த முள்கரண்டி. சிங்கம் ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கிறதா? அப்படியானால் அது இங்கிலாந்தில் சோதித்த 92.5 சதவீத வெள்ளி. பக்கத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். ராஜா அல்லது ராணியின் தலை தெரிந்தால் அது வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரைதான் அதைப் போட்டார்கள். லண்டன் செட்டில் ஒன்றிரண்டு தொலைந்தால் உள்ளூரில் அதே மாதிரி செய்து சேர்ப்பதும் உண்டு. அதனால் ஒரே பெட்டியில் இரண்டு ஊர் முத்திரை இருப்பதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம்.

ஏமாற்றும் இடம் வேறு. சின்னச் சின்னக் கேடயத்துக்குள் தனித்தனியாக 'ஈ.பி.என்.எஸ்.' என்று நான்கு எழுத்து இருந்தால், பார்வைக்கு ஹால்மார்க் மாதிரியே இருக்கும். ஆனால் அது வெறும் வெள்ளி முலாம். கரண்டியின் குழியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேஜையில் உரசும் அந்தப் புடைப்பில்தான் முலாம் முதலில் போய், உள்ளே இருக்கும் உலோகம் மஞ்சள் பாய்ந்த சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

அப்புறம் ஒன்று: வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் பொறுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. செட்டைப் பிரிக்காமல், ஒவ்வொன்றின் முத்திரையையும் படமெடுத்து வைத்துவிட்டு, பழம்பொருள் வெள்ளி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.