‘அதிகம்’ என்று இருந்தாலே கூட்டல்தானா?

கேள்வி: ஐயா, நாங்கள் வலையங்குளத்தில் மல்லி விவசாயம் செய்கிறோம். மகள் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வெறும் எண்களாக இருந்தால் கணக்கைப் போட்டுவிடுகிறாள். ‘ஒரு எண்ணிலிருந்து 12-ஐக் கழிக்க, இதை இயற்கணிதக் கோவையாக எழுதுக’ என்று வந்தால் திணறுகிறாள். டியூஷனில் ஒரு அட்டை கொடுத்து, அதிகம் என்றால் கூட்டல், குறைவு என்றால் கழித்தல், மடங்கு என்றால் பெருக்கல் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அட்டையை முழுக்க ஒப்பிக்கிறாள், ஆனாலும் விடை தப்பாகத்தான் வருகிறது. இப்போது வேறு ஒரு சென்டரின் ஆள் வீட்டுக்கே வந்து, பவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்தால் சரியாகிவிடும், பாதிக் கட்டணச் சலுகை உண்டு என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம் அம்மா. முதலில் அந்த அட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். எண்களை வைத்துக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் வரும். வாக்கியத்தை முழுதாகப் படிக்க விடாமல் அவளைத் தடுப்பது அந்த அட்டைதான்.

இன்றைக்கே ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ‘அக்காவுக்குத் தம்பியை விட 3 வயது அதிகம். அக்காவின் வயது ம. தம்பியின் வயது என்ன?’ (பாடநூலில் எக்ஸ், ஒய் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே நான் ‘ம’ என்று எழுதுகிறேன். எந்த எழுத்தாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பரீட்சையில் மட்டும், கேள்வியில் கொடுத்த எழுத்தையே எழுதச் சொல்லுங்கள்.) அட்டையை நம்பும் பிள்ளை ‘அதிகம்’ என்பதைப் பார்த்த உடனே ம + 3 என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் தம்பி அக்காவுக்கு மூத்தவனாகிவிடுகிறான். விடை ம − 3. இப்படி எழுத்து, எண், குறி சேர்த்து எழுதுவதைத்தான் கோவை என்கிறார்கள். வாக்கியத்தில் இருப்பது ‘அதிகம்’, செய்ய வேண்டியது கழித்தல்.

அட்டையில் உள்ள மற்ற சொற்களின் கதையும் இதுதான். வகுப்பில் மொத்தம் 50 பேர், அதில் ம பேர் பெண்கள் என்றால் ஆண்கள் 50 − ம. ‘மொத்தம்’ இருக்கிறது, கூட்டல் இல்லை. அப்பாவின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு, அப்பாவுக்கு வயது ம என்றால் மகளுக்கு ம/3. ‘மடங்கு’ இருக்கிறது, பெருக்கல் இல்லை. பிழை இல்லாத சொல் என்று அந்த அட்டையில் ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது.

அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். ‘ம’ என்பது யாருடைய எண்? நான் கண்டுபிடிக்க வேண்டியது அதைவிடப் பெரிதா, சிறிதா? அக்கா, தம்பி கணக்கில் இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொன்னாலே, பேனாவை எடுக்கும் முன் கழித்தல் என்று தெரிந்துவிடும்.

முதல் கேள்வியில் ‘எண்’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பிள்ளைகள் ‘ம’ என்றால் மல்லி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 5ம என்றால் ஐந்து மல்லி என்று சில இடங்களில் அப்படியே சொல்லியும் கொடுக்கிறார்கள். அது தவறு. ‘ம’ என்பது ஒரு கிலோ மல்லி எத்தனை ரூபாய் என்ற எண். 5ம என்றால் அந்த எண்ணின் ஐந்து மடங்கு. விலை இன்னும் தெரியாததால் எண்ணுக்குப் பதில் எழுத்து நிற்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று மாறுவது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படி மாறக்கூடிய எண் என்பதால்தான் அதற்கு மாறி என்று பெயர்.

இந்தக் குழப்பம் சிறு பிள்ளைகளோடு நின்றுவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள்: ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஆசிரியர்களைப் போல ஆறு மடங்கு. இதைச் சமன்பாடாக எழுதுக.’ 1981-இல் வெளியான அந்த ஆய்வில், மூன்றில் ஒருவருக்கும் மேல் தவறாக எழுதியிருந்தார்கள். மாணவர் எண்ணிக்கை வ, ஆசிரியர் எண்ணிக்கை த என்று வைத்துக்கொண்டால், வ = 6த என்பதே சரி. தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6வ = த என்று. ‘ஆறு மாணவருக்கு ஓர் ஆசிரியர்’ என்று எழுத்தை ஆளாக நினைத்துப் படித்ததன் விளைவு அது. பொறியியல் படிப்பவர்களுக்கே இப்படி என்றால், ஏழாம் வகுப்புப் பிள்ளை தடுமாறுவதற்கு அவளைத் திட்ட வேண்டியதில்லை.

சரி, நீங்கள் எழுதிய கணக்குக்கு வருவோம். ‘ஒரு எண்ணிலிருந்து 12-ஐக் கழிக்க’ என்றால் ம − 12. ‘12-இலிருந்து ஒரு எண்ணைக் கழிக்க’ என்றால் 12 − ம. கூட்டலிலும் பெருக்கலிலும் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது, கழித்தலிலும் வகுத்தலிலும் விடையே மாறிவிடும். எது முதலில் வரவேண்டும் என்பதை ‘இலிருந்து’ என்ற உருபு சொல்லிவிடுகிறது. அது ஒட்டியிருப்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். ‘12-ஐ ஒரு எண்ணிலிருந்து கழிக்க’ என்று கேள்வித்தாளில் வரிசையை மாற்றிக் கேட்டாலும் ‘இலிருந்து’ எண்ணோடுதான் ஒட்டியிருக்கிறது, ஆகவே ம − 12. வாக்கியத்தில் எது முதலில் வருகிறது என்று பார்க்கவே வேண்டாம். மகளிடம் அந்த உருபுக்கு அடியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள், போதும். ‘ஒரு எண்ணை 4-ஆல் வகுக்க’ என்பதில் ‘ஆல்’ ஒட்டியிருப்பது கீழே போகும், ம/4.

அடுத்தது அடைப்புக்குறி. மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான், அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. உங்கள் தோட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கமிஷன் கடையில் 5 கிலோ மல்லி போடுகிறீர்கள், கிலோ ம ரூபாய். ‘வண்டிக்கூலி 40 ரூபாய் போகக் கைக்கு வருவது எவ்வளவு?’ என்றால் 5ம − 40. ‘கிலோவுக்கு 40 ரூபாய் பிடித்தம் போக எவ்வளவு?’ என்றால் 5(ம − 40). வித்தியாசம் ‘கிலோவுக்கு’ என்ற ஒரே சொல். அன்றைக்கு விலை 600 ரூபாய் என்றால் முதல் கணக்கில் 2960 ரூபாய் வரும், இரண்டாவதில் 2800. ஒரு அடைப்புக்குறியின் விலை 160 ரூபாய். இந்த மாதிரிப் பேச்சை அவள் வீட்டில் தினமும் கேட்கிறாள். அதைக் கோவையாக எழுத வைத்தால், பிறகு பாடநூலில் ‘ஒரு எண்ணின் மூன்று மடங்குடன் 4-ஐக் கூட்டுக’ என்பது 3ம + 4 என்றும், ‘ஒரு எண்ணுடன் 4-ஐக் கூட்டி, வந்ததை மூன்று மடங்காக்குக’ என்பது 3(ம + 4) என்றும் அவளுக்கே பிடிபடும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஆசிரியரோ சென்டரோ தேவையில்லை. ‘ம’ இருக்கும் இடத்தில் 10-ஐப் போட்டுப் பார்க்கட்டும். ‘12-இலிருந்து 10-ஐக் கழிக்க’ என்றால் 2 என்று அவளுக்குத் தெரியும். 12 − ம என்ற கோவையில் போட்டாலும் 2 வருகிறது, சரி. ம − 12 என்றால் −2 வரும், தப்பு. ஆனால் 0, 1, 2 ஆகிய எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டாம். 3ம + 4 என்பதைச் சேர்த்து 7ம என்று எழுதும் பிழை மிகச் சாதாரணம். 1-ஐப் போட்டால் இரண்டிலும் 7 வந்து, பிழை சரி போலவே தெரியும். 10-ஐப் போட்டால் 34, 70 என்று உடனே குட்டு வெளிப்படும்.

இதோடு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். புத்திசாலிப் பிள்ளைகளும் இதில் தவறுகிறார்கள், சொல்லிக்கொடுப்பவர்களோ இதைத் தொடுவதே இல்லை. நம் வீட்டு மின்சாரக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்தது, அதையே கணக்காக எடுத்துக்கொள்வோம். ம யூனிட் ஓடியிருந்தால் பணம் கட்ட வேண்டிய யூனிட் எத்தனை? ம − 100 என்று எழுதுவாள், சரிதான். (‘இலவசம்’ என்றால் கழித்தல் என்று எந்த அட்டையிலும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தீர்கள், 80 யூனிட்தான் ஓடியது என்று வையுங்கள். கோவை −20 என்று சொல்கிறது. மின்வாரியம் நமக்கு 20 யூனிட்டுக்குப் பணம் தரப்போவதில்லை, கட்டணம் பூஜ்யம். 99 யூனிட் ஓடினாலும் பூஜ்யம்தான், 100 ஓடினாலும் பூஜ்யம்தான், 101-இல்தான் கணக்கு தொடங்குகிறது. ஆக, அந்தக் கோவை ‘ம’ 100 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது மட்டும் உண்மை. அதைப் பக்கத்திலேயே ஒரு வரியாக எழுத வேண்டும். ‘முதல் இத்தனை வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு’ என்று எங்கே வந்தாலும், ஆட்டோ வாடகையோ கூரியரோ, இதே கதைதான். ‘மேல்’ என்ற சொல்லைக் கண்டால், எவ்வளவுக்கு மேல் என்று கேட்டு, அந்த அளவை முதலில் கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். கழித்தால் எதிர்மறை எண் வரும் இடத்தில் அந்தக் கோவையை எழுதவே கூடாது. ஏழாம் வகுப்புப் பரீட்சையில் இதைக் கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லிக்கொடுங்கள். கோவை எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று ஒருமுறை யோசித்த பிள்ளை அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு எழுதாது.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதம் அறிமுகமாகிவிடுகிறது. காலாண்டுத் தேர்வுக்குள் பாடங்களை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், மாறி என்றால் என்ன என்பதற்கு ஒரு முழு வாரம்கூட ஒதுக்க ஆசிரியரால் முடிவதில்லை. பாடம் நடத்தும் நேரத்தில் பதிவேடு நிரப்பு, விவரம் அனுப்பு என்று மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் என்ன செய்வார்? பரீட்சையில் கோவையைக் கேட்டு விடையை மட்டும் திருத்துகிறார்கள், பிள்ளை ஏன் அப்படி எழுதியது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. இந்த ஓட்டையில்தான் அட்டை விற்பவர்களும் கோர்ஸ் விற்பவர்களும் நுழைகிறார்கள்.

வீட்டுக்கு வரும் அந்த ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்படி வருபவர்களில் பலருக்குச் சேர்க்கும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. ‘இலவசத் தகுதித் தேர்வு’ என்று வைப்பார்கள், எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சலுகை கிடைத்துவிடும், இன்றைக்குள் கட்டினால்தான் செல்லும் என்பார்கள். மாதத் தவணைதானே என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சில இடங்களில் அது கட்டணத் தவணை இல்லை, உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பிள்ளை பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. ஓடிபி கேட்டால் சொல்லவே கூடாது. பவுண்டேஷன் என்ற பெயரில் பலர் நடத்துவது பதினோராம் வகுப்புக்குரிய வினாக்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைப்பதுதான். உங்கள் மகளுக்கு வேண்டியது அது இல்லை.

பணம் செலவில்லாமல் வழி இருக்கிறது. பாடநூலில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டை போனில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ வரும். மதுரைக்கு வரும் நாளில், நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. வீட்டில் தினமும் இரண்டு வாக்கியம் போதும். நீங்கள் ஒரு கோவையைச் சொல்லி, அதற்கு ஏற்ற வாக்கியத்தை அவளைச் சொல்லவையுங்கள். 2ம + 15 என்றால் அவள் ஏதோ ஒரு கதை சொல்லட்டும், பஸ் டிக்கெட்டும் ஜிகர்தண்டாவும் வந்தாலும் சரிதான். திருப்பிச் சொல்லத் தெரிந்தால் எழுதவும் வந்துவிடும்.

வந்த ஆளின் சலுகையையே முதல் கணக்காகக் கொடுங்கள். முன்பணம் 3000 ரூபாய், மாதக் கட்டணம் ம ரூபாய், 10 மாதம். மொத்தம் 10ம + 3000. ‘பாதிக் கட்டணம்’ என்று அவர் சொல்வது எதில் பாதி? எல்லாவற்றிலும் பாதி என்றால் (10ம + 3000)/2. முன்பணத்தில் மட்டும் பாதி என்றால் 10ம + 1500. மாதம் 1500 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் ஒன்று 9000, மற்றது 16,500. எந்தக் கோவை என்று மகளையே அவரிடம் கேட்கச் சொல்லுங்கள், பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன பாதியை ரசீதில் தேடிக்கொண்டு பிறகு என்னிடம் எழுதியவர்கள் நிறையப் பேர்.