டப்பா கிடைக்காது, தம்பி

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 51 வயது. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. 1994-ல் அவர் வாங்கிய மாருதி 800-ஐ இன்னும் வைத்திருக்கிறேன். அவரைக் கடைசியாக ஜிப்மருக்கு அழைத்துப் போனதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா மஞ்சள் மூடி போட்ட ஒரு தகர டப்பாவைத் திறந்து, அந்தப் பாலிஷால் டேஷ்போர்டையும் ரெக்ஸின் சீட்டையும் துடைப்பார். கறை பட்டிருந்தால் அதற்கென்று ஒரு சின்ன பாட்டில். திறந்தால் லேசாக இனிப்பு வாசனை வரும். இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி என்று கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் பாதி டப்பாவை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். கட்டியாகக் காய்ந்திருந்தது, வாசனையும் இல்லை. இப்போது வரும் ஸ்ப்ரே எதிலும் அந்தப் பளபளப்பு வரவில்லை. அம்மா மாதம் ஒரு முறை பஸ்ஸில் ஜிப்மர் போய் வருவார். அன்று வீடு அமைதியாக இருக்கும் என்பதால் லீவு போட்டுவிட்டு காரை முழுசாகத் துடைப்பேன். மனைவி சிரிக்கிறாள். பிள்ளைகள் விற்றுவிடச் சொல்கிறார்கள். அந்தப் பழைய பொருட்கள் எங்கே கிடைக்கும்? என் மனசை வீட்டில் எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்:

டப்பா கிடைக்காது, தம்பி. கிடைத்தாலும் கோயம்புத்தூர் டப்பா மாதிரிதான் இருக்கும். பாலிஷ் என்பது மெழுகும் எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்த கலவை. கரைப்பான் பறந்துவிட்டால் மிஞ்சுவது மெழுகுக் கட்டி. உங்களுக்கு வேண்டிய வாசனை பறந்துபோன அந்தப் பாதியில்தான் இருந்தது. சீல் பிரிக்காத டப்பா என்று யாராவது ஆசை காட்டினால் இன்னொரு 3,800 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்பாவின் வால்வு ரேடியோ, அப்பாவின் சைக்கிள் டைனமோ, அப்பா போட்ட பொடி மட்டை என்று வருஷத்துக்கு நாலைந்து கடிதமாவது எனக்கு வரும். எழுதுவது பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய ஆண்கள். 'இது இயல்புதான், நேரம் கொடுங்கள், வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்' என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த முறை அதை எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் நடுவே ஒரு வரி கிடக்கிறது. எழுதும்போது நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அம்மா பஸ்ஸில் ஜிப்மர் போகிறார். நீங்கள் லீவு போட்டுவிட்டு கார் துடைக்கிறீர்கள்.

ஒரே நாள். ஒரே வீடு. வாசலில் ஓடுகிற நிலையில் ஒரு கார். அதை ஓட்டத் தெரிந்த மகன், வேலைக்குக்கூடப் போகாமல் வீட்டில் இருக்கிறான். அம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறார். இதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்தேன். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'லீவு போட்டுவிட்டு' என்றுதான் இருந்தது.

ஆபீசில் லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் அம்மா தனியாகப் போகிறார் என்று எழுதியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், புரிந்தும் கொண்டிருப்பேன். உங்களுக்கு லீவு கிடைக்கிறது. மாதா மாதம், சரியாக அதே நாளில் கிடைக்கிறது.

அம்மா எதற்காக ஜிப்மர் போகிறார்? சர்க்கரையா, இதயமா, முழங்காலா, கண்ணா? நீங்கள் எழுதவில்லை. டப்பாவின் மூடி என்ன நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள்.

உங்களுக்கு 51 என்றால் அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் போகிற வழியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வழியில் நானும் போயிருக்கிறேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் ஏற வேண்டும். ஓ.பி. சீட்டுக்கு வரிசை சீக்கிரமே நீண்டுவிடும், எட்டு மணிக்குப் போய் நின்றால் பாதி நாள் போச்சு. ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்கள் இடித்துக்கொண்டு ஏறுவார்கள். ஸ்பீக்கரில் பாட்டு அலறும். அந்தப் படிக்கட்டின் உயரம் இருபது வயதுக்காரர்களுக்காக வைத்தது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோரிமேடு போகிற இன்னொரு பஸ்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிற நாள் என்றால் இத்தனையும் பச்சைத் தண்ணீரோடு. ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட டப்பாவில் இரண்டு இட்லி கொண்டுபோவார். நீங்கள் பின் சீட்டின் மடிப்பில் தூசி எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் அந்த இட்லியைத் தின்ன ஒரு திண்ணை தேடிக்கொண்டிருப்பார்.

எத்தனை வருடமாக இப்படிப் போகிறார் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. அப்பா போனதிலிருந்து என்று வைத்தால் 72 தடவை.

'அம்மாவே பஸ்தான் வசதி என்றார்கள்' என்று அடுத்த தபாலில் எழுதாதீர்கள். எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்வார்கள். என் அம்மாவும் சொன்னார். நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. 'உனக்கு எதுக்குப்பா சிரமம்' என்று ஒரு அம்மா சொன்னால் அதற்குப் பதில் வார்த்தையில் இல்லை, சாவியை எடுப்பதில் இருக்கிறது. மருமகளை ஏன் கூட அனுப்பவில்லை என்றும் நான் கேட்க மாட்டேன். போகலாம், போனால் நல்லதுதான். ஆனால் அந்த வரிசையில் முதல் பெயர் பெற்ற பிள்ளையுடையது. இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து மனுஷிதான், மாறுகிற உத்தேசமும் இல்லை.

இன்னொரு வரியையும் கவனித்தேன். அப்பாவைக் கடைசியாக ஜிப்மருக்கு அழைத்துப் போனது அந்தக் காரில். அதே காரில், அதே சாலையில் மறுபடி போக உங்களுக்கு முடியவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் கார் வாசலோடு நிற்கிறது, துடைப்பதோடு முடிகிறது. சரி. ஆனால் அன்று பின் சீட்டில் அப்பாவின் தலையை யார் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள்? நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதே சாலையில், அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அவர் மாதா மாதம் தனியாகப் போகிறார். உங்களால் தாங்க முடியாத வழியை அவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடி தாங்கிக்கொண்டிருக்கிறார். யார் மனசை யாருக்குப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்களே, இதை வைத்து யோசியுங்கள்.

அப்பாவுக்குச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விடுங்கள், திதி கொடுங்கள், படத்துக்கு மாலை போடுங்கள். இறந்தவருக்கு வருடத்தில் சில நாள், இருப்பவருக்கு மற்ற நாள் எல்லாம். எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

கேள்வி கேட்டதற்காக அந்தப் பொருட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவை நின்று போனதில் மர்மம் ஒன்றும் இல்லை. அப்போது சீட்டெல்லாம் ரெக்ஸின். இப்போது பெரும்பாலும் துணி, அல்லது வேறு வகைப் பிளாஸ்டிக். மெழுகை வைத்துத் தேய்க்க அதில் என்ன இருக்கிறது? அதனால் தண்ணீர் சேர்ந்த ஸ்ப்ரேக்கள் வந்தன. மாருதி 800 என்ற மாடலே 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் நின்றுபோனது. அதே வருடம் மே மாதம் அம்பாசிடரும் நின்றது. வண்டி போனால் அதன் கூட இருந்த டப்பாக்களும் போகும்.

அந்த இனிப்பு வாசனை பாட்டில்தான் எனக்கு உறுத்துகிறது. பழைய காலத்துக் கறை நீக்கிகள் பலவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது. அதற்கு அப்படித்தான், குளோரோஃபார்ம் மாதிரி ஓர் இனிப்பு வாசனை. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற சரக்கு. ஓசோன் படலத்தையும் அரிக்கும் என்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010-லிருந்து இங்கே அந்த மாதிரிப் பயன்பாடுகளுக்கு அது கிடையாது. உங்கள் பாட்டிலில் இருந்தது அதுதான் என்று லேபிளைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்காவது ஒரு பழைய பாட்டில் கிடைத்துவிட்டால், அப்பா நினைவு என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து முகர்ந்து பார்க்காதீர்கள். மூக்குக்குப் பிடித்ததெல்லாம் உடம்புக்கு நல்லதில்லை.

பளபளப்பையும் மறந்துவிடுங்கள். ரெக்ஸினும் டேஷ்போர்டும் விறைத்து வெடிப்பது பாலிஷ் போடாததால் இல்லை. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சேர்மானம் வெயில் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும், அதனால்தான். முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாக ஒரு படலம் படிகிறதே, அது பெரும்பாலும் அப்படி வெளியேறியதுதான். வீரியமான கரைப்பானைப் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருப்பதும் சீக்கிரம் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு, நன்றாகப் பிழிந்த துணி, அப்புறம் காய்ந்த துணி. இவ்வளவுதான் வேலை. நிழலில் நிறுத்துங்கள், கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். கடல் காற்று அடிக்கிற ஊர், மழைக்காலத்தில் ரப்பர் மேட்டைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் கார்ப்பெட்டைக் காயவிடுங்கள். பூசணம் அங்கேதான் தொடங்கும்.

சீட்டுக்கு சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். சீட் வழுக்கும். வழுக்குகிற சீட்டில் புடவை கட்டிய வயதானவர் உட்கார்ந்திருந்தால், நீங்கள் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் சறுக்குவார். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அது படக்கூடாது. டேஷ்போர்டு கண்ணாடி மாதிரி மின்னினால் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசும்.

நிற்கிற வண்டியைத்தான் காலம் அதிகம் தின்னும். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். மாதம் ஒரு முறை ஜிப்மர் போய் வந்தால் அறுபது கிலோமீட்டர் ஓடும். அந்த வண்டிக்கு அதைவிட நல்ல பாலிஷ் எனக்குத் தெரியாது. எல்லை தாண்டுகிறீர்கள் என்பதால் ஆர்.சி. புதுப்பித்ததும் இன்ஷூரன்ஸும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விற்பதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். பிள்ளைகளிடம் சண்டை போடவும் வேண்டாம். வெள்ளிக் கடற்கரைக்கு ஒரு சாயங்காலம் பாட்டியோடு அதில் போய் வந்தால் அவர்களே வேறு மாதிரிப் பேசலாம். பேசாமலும் போகலாம்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் ஆஸ்பத்திரி நோட்டை வாங்கி அடுத்த தேதி என்ன என்று பாருங்கள். எந்த டாக்டர், என்ன மாத்திரை என்பதையும் அப்படியே படித்துவிடுங்கள். அந்தத் தேதிக்கு லீவு போடுங்கள், அது உங்களுக்குப் பழக்கம்தானே. முன் சீட்டை முழுசாகப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். மாருதியில் சீட் தாழ்வு. முதலில் அவர் பக்கவாட்டில் உட்காரட்டும், பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்து வைக்கட்டும். நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வழியில் காபி சிந்தினால் சிந்தட்டும். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, அவருடைய இட்லி டப்பா. அன்று அதில் நான்கு இட்லி.

காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். முந்தின நாளே பெட்ரோல் போட்டுவிடுங்கள். எல்லையைத் தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும், அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று நம் ஊர் ஆண்கள் காலி டேங்கோடு கிளம்புவார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம்.