கப்பல் தகட்டில் விரிசல் விழுந்தால், அதன் நுனியில் துளை போட்டு விரிசலை நிறுத்துவார்களாமே, உண்மையா? அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வராதா?

உண்மைதான். நான் கப்பல் பட்டறைக்காரன் அல்லன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைப்பவன். ஆனால் இரும்பு கடலிலும் கரையிலும் ஒரே மாதிரிதான் கிழிகிறது.

தொழில் பழகிய புதிதில், ஒரு ரிக்கின் சேஸிஸில் விரிசல் கண்ணுக்கு முடிந்த இடத்தில் துளை போட்டு, வெல்டிங் வைத்து அனுப்பினேன். இரண்டே மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. துளைக்கு அப்பால் நான்கு விரல் நீளம் ஓடியிருந்தது. மாமா திட்டவில்லை. மண்ணெண்ணெய் தடவினார், துடைத்தார், சாக்பீஸ் பொடியைத் தூவினார். வெள்ளையில் ஈரக்கோடு ஊறியது. நான் முடிவென்று நினைத்த இடத்தையும் தாண்டி ஒரு கட்டைவிரல் அகலம்!

விரிசலின் நுனி ஊசிபோல் இருப்பதால் இழுவிசை முழுவதும் அங்கே குவிகிறது. வட்டத் துளை அதைச் சுற்றிலும் பரப்பிவிடும். நுனியைத் தவறவிட்டால் துளை வெறும் ஓட்டைதான்.

கப்பல்காரர்கள் பட்டது இதைவிடப் பெரிய பாடு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களை அவசரமாக வெல்டிங்கில் கட்டியது. தனித்தனித் தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த கப்பலில் விரிசல் பெரும்பாலும் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங்கில் எல்லாம் ஒரே தகடு. வேலியில்லாத காட்டில் ஆடு புகுந்த கதை. சரக்கு இறக்கும் திறப்புகளின் சதுர மூலைகளில் பல விரிசல்கள் தொடங்கின. அதே காலத்து எண்ணெய்க் கப்பல் ஸ்கெனெக்டடி, 1943 ஜனவரியில் ஒரு குளிர் இரவில், துறையில் கட்டிக் கிடந்தபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. குளிரில் அந்த எஃகு வளையாமல் கண்ணாடிபோல் உடைகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி ஆராய்ந்து காட்டினார்.

பிறகு மூலைகளை வளைத்தார்கள். மேல்தளத்தில் நீளவாக்கில் வெட்டி, அதன்மேல் ரிவெட் அடித்த பட்டை வைத்தார்கள். ஓடி வரும் விரிசல் அங்கே நிற்கும். இப்போது முக்கியமான இடங்களில் கடுங்குளிரிலும் எளிதில் உடையாத எஃகுத் தகடு போடுகிறார்கள். அதுதான் சரியான வைத்தியம்.

தண்ணீர் வராதா என்றால், நீர்மட்டத்துக்குக் கீழே கட்டாயம் வரும். ஆனால் விரல் பருமனான வட்டத் துளையை அடைத்துவிடலாம்; ஓடிக்கொண்டிருக்கும் விரிசலை எங்கே போய் அடைப்பது? அதுவும் கரை சேரும்வரைக்கும்தான். கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுது பார்க்கும் உலர்துறையில் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புதுத் தகடு பொருத்துவார்கள். அதன் மூலைகளையும் வளைத்துத்தான் வெட்டுவார்கள்.